நைனா ஒளித்து வைத்த பன்

என் ஆசை நைனாவுக்கு,

நேற்று நம்ம செல்வத்தைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். உனக்கு வந்த கிட்னி வியாதி தம்பிக்கும் வந்துவிட்டது. பயப்படாதே, ஆரம்பம்தானாம். இந்தத் தடவை நான் மாடி ஏறினேன், நைனா.

உன்னோடு போன அன்றைக்கும் டாக்டர் சொன்னார்: "என்ன சாப்பிடணும்னு சொல்ல மாடியில ஒரு மேடம் இருக்காங்க, கேட்டுட்டுப் போங்க." அன்று அமாவாசை. மேல்மலையனூர்க் கோயில் கூட்டம் ஏறிவிட்டால் செஞ்சி பஸ்ஸில் உனக்கு உட்கார இடம் கிடைக்காதென்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குத் தெரியாததா என்ற திமிர் வேறு. மைதா விஷம், கேழ்வரகு அமிர்தம். செல்போனைத் திறந்தால் எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள்?

மறுநாளிலிருந்து காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி கம்பு அடை. கூட்டுரோட்டு டீக்கடையில் தினமும் பன்னை டீயில் முக்கித் தின்ற மனுஷன் நீ. மறுபேச்சில்லாமல் குடித்தாய். ஒரே ஒரு நாள்தான், "ஒரு பன்னு தின்னா இன்னாம்மா ஆயிடும்?" என்றாய்.

"கிட்னி பூடும்" என்று கத்தினேன்.

அப்புறம் உன் வண்டிப் பையில் பேப்பர் சுற்றிய பன்னைக் கண்டுபிடித்தேன். "இன்னா நைனா இது?"

"உனக்குத்தாம்மா வாங்கியாந்தேன்."

எனக்குப் பன் பிடிக்காதென்று உனக்குத் தெரியாதா? பிடுங்கி ஆட்டுக்குப் போட்டேன். அது தின்று முடிக்கும்வரை நீ பார்த்துக்கொண்டே நின்றாய். உன் கருமாதிக்கு வந்த டீக்கடைக்காரர் சொன்னார், "எம் பொண்ணு டாக்டருக்கு மேலன்னு பெருமையா சொல்வாரும்மா" என்று.

நேற்று மாடியில் இருந்தது சின்னப் பெண். செல்வத்தின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கேழ்வரகு, கம்பு குறைச்சுக்கோங்கண்ணா, பொட்டாசியம், பாஸ்பரஸ் ஜாஸ்தி. வெள்ளைச் சோறு சாப்பிடலாம். வெள்ளை பிரெட் ரெண்டு துண்டு ஓகே. உப்பு பிஸ்கட், கேக் வேணாம். உருளைக்கிழங்கை நறுக்கி, நிறைய தண்ணில வேகவெச்சு அந்தத் தண்ணிய கொட்டிடுங்க" என்றாள்.

நான் கேட்டேன்: "பன்னு?"

"என்னைக்காச்சும் சின்னதா ஒண்ணு."

உன்னைப் பற்றிச் சொல்லி, நான் கொடுத்ததெல்லாம் தப்பா என்று கேட்டேன். "அவர் ரிப்போர்ட்டப் பாக்காம நான் எப்டிக்கா சொல்றது?" என்றாள்.

படியிறங்கும்போது, "நைனாவுக்கு வயசாயிட்ச்சுக்கா, நீ ஏன் டென்ஷன் ஆவுற?" என்றான் தம்பி. கூழ்தான் உன் நாளைக் குறைத்ததா? பன் தின்றிருந்தால் இன்னும் கொஞ்சம் இருந்திருப்பாயா? யாரைக் கேட்பேன்? ஆனால் கடைசிக் காலத்தில் உன் வாய்க்குப் பிடித்ததைப் பிடுங்கினவள் நான்தான். அதற்கு ரிப்போர்ட் வேண்டாம்.

உன் முதல் படையலுக்குக்கூட மைதா வைக்க மனசு வராமல் கம்பு அடை வைத்தேன். என்ன ஜென்மமோ நான்!

இனி தம்பிக்கு நானாக எதையும் கொடுக்க மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். மாடி ஏறிக் கேட்டுவிட்டுத்தான். வருகிற அமாவாசைப் படையலில் கூட்டுரோட்டு பன் வைக்கிறேன், பக்கத்தில் சூடாக டீ. படையல் எடுத்ததும் அந்தப் பன்னை நானே தின்பேன், நைனா. எனக்குத்தான் வாங்கியதாகச் சொன்னாயே, அது பொய்யாகிவிடக் கூடாது.

பிடுங்கின கையாலேயே எழுதும்
உன் மூத்த பொண்ணு,
மலர்