ஓரத்தில் நால்வர்

பாளையங்கோட்டை
அக்டோபர் 1911

என் பிரியமுள்ள மகளே,

நாசரேத்தில் அத்தை சொல்படி கேட்கிறாயா? அந்தப் பழைய புத்தகப் படங்களைப் பற்றி இன்னொரு தடவை சொல்லும்படி எழுதியிருந்தாய்.

அச்சு யந்திரம் வருமுன் சீமையில் வேதபுத்தகத்தைக் கையால்தான் எழுதினார்கள். கன்றுக்குட்டித் தோல்தான் காகிதம். ஓரங்களில் உன் உள்ளங்கையைவிடச் சிறிய படங்கள் இருக்கும். தங்கத்தை மெல்லிய தகடாகத் தட்டி ஒட்டுவார்கள். பக்கத்தைத் திருப்பினால் மின்னும். புத்தகத்தை எழுதச் சொன்ன குடும்பம் முழங்கால்படியிட்டு ஜெபிப்பதையும் வரைவார்கள். அதில் இறந்துபோனவர்களையும் விட்டுவிடமாட்டார்கள். அவர்கள் தலைக்குமேல் மட்டும் சின்னதாக ஒரு சிவப்புச் சிலுவை போடுவார்கள்.

நம் வீட்டாரையும் அப்படி வரையச் சொல்லிக் கோடை லீவிலிருந்து நச்சரித்தாயே, வரைந்து இதனுடன் வைத்திருக்கிறேன். தங்கத்துக்குப் பதில் மஞ்சள்தூள். அம்மாவுக்கு நீலச் சேலை.

தம்பி நடக்கிறானா என்று கேட்டிருந்தாய். படத்தில் அவன் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

தெருவில் வாந்திபேதி இன்னும் அடங்கவில்லை. ஆற்றுத் தண்ணீரை இப்போது காய்ச்சித்தான் குடிக்கிறேன். முன்பே காய்ச்சியிருக்க வேண்டும். "பிள்ளைய இங்கன கூட்டிட்டு வந்திராதீய, அங்கனயே இருக்கட்டும்" என்று அம்மா சொன்னாள். ஆகவே நீ வரவேண்டாம்.

படத்தை அத்தை மடியில் உட்கார்ந்து பார். அவளுக்குத் தெரியும், நான்தான் சொல்லவிடவில்லை. உன் தலைக்குமேலும் என் தலைக்குமேலும் ஒன்றுமில்லை. பரீட்சைத்தாள் திருத்தும் சிவப்பு மையை இரண்டே இடத்தில்தான் வைத்தேன்.

உன் அப்பா