கழுவிய வேகனும் துருப்பிடித்த சைக்கிளும்

ஞாயிறு, இரவு

நாளை பள்ளிக் கண்காட்சிக்கு என் நிலக்கரி வேகன் போக வேண்டும். விரல் நீள பிளாஸ்டிக் பொம்மைதான். அதற்குக் கம்பியில் ஏணி ஒட்டி, செங்கல் தூளும் பழுப்புச் சாயமும் குழைத்துத் துரு பூசி, தூத்துக்குடிக்கு ஓடி ஓடிக் களைத்த கூட்ஸ் வண்டி போலவே ஆக்கி வைத்திருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து புதுச் சைக்கிளில் வந்த அத்தை மகன் குமரேசன், காலையில் நான் கறி வாங்கப் போன நேரம் பார்த்து அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டான். ஏணியும் போச்சு. கூட்ஸ் வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது.

"அழுக்கா இருந்துச்சு மாப்ள, கழுவிட்டேன்" என்று சிரித்தான். தெரிந்தேதான் செய்தான். போன மாதம் அவன் சட்டைக்குள் நான் விட்ட வெட்டுக்கிளியை இன்னும் மறக்கவில்லை.

மதியம் கறிச்சோறு மயக்கத்தில் அவன் தூங்கியபோது, மீதித் துருவை அவன் சைக்கிளின் பின் மட்கார்டில் பூசினேன். சாயங்காலம் கவனிக்காமலே ஏறிப் போனான்.

செத்த நேரத்துக்கு முன் போன் செய்தான். பின்னால் அவன் அப்பாவின், அதாவது என் மாமாவின், போலீஸ் குரல்.

"ஏலே, புது வண்டி எப்படித் துருப்பிடிச்சுதுன்னு அப்பா ஏசுதாருலே!"

"அழுக்கா இருந்தா கழுவு மச்சான். ஒனக்குத்தான் நல்லா கழுவ வருமே."

கழுவட்டும். வேகனுக்கு மேலே வார்னிஷ் அடிக்காமல் விட்டது என் தப்பு. அதனால்தான் சோப்புக்கே போய்விட்டது. சைக்கிளுக்கு ரெண்டு கோட் அடித்திருக்கிறேன்.