சொல்லாமல் வாங்கிய வீடு

அப்பாசியா, குவைத்
26-4-2024

ஷாஜினி அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். நீங்களும் சுகம் என்றுதான் நினைக்கிறேன். சுகமில்லாத ஆள் வெளிநாட்டில் போய் வீடு வாங்க மாட்டார்.

‘அன்புள்ள’ என்று தொடங்கவில்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றுதான் விட்டேன்.

நேற்று போனில் நான் கத்தியதும், நீங்கள் ‘சிக்னல் இல்ல’ என்று வைத்ததும் போதும். இனி இதைப் பற்றிப் போனில் பேச்சு கிடையாது. கையால் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே பதில் எழுதுங்கள். எழுத்தில் சிக்னல் போகாது.

எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? வியாழக்கிழமை காலை டூட்டி மாறும்போது, நம்ம ஜினி எல்லார் முன்னாலும் கேட்கிறாள்: “எக்கா, வீடு வாங்கியதுக்கு எங்களுக்கு பிரியாணி எங்க?” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எந்த வீடு பிள்ளே?” என்றேன். “அண்ணன் ஜார்ஜியாவுல வீடு வாங்கிட்டாருல்லா. பெபின் படமெல்லாம் அனுப்பினாரே. ஒங்ககிட்ட சொல்லேல்லியா?” என்றாள். பெபின் உங்கள் ரூமில் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவன். அவனுக்குத் தெரியும், அவன் மனைவி ஜினிக்குத் தெரியும், எங்கள் வார்டு முழுக்கத் தெரியும். தாலி கட்டி இருபத்து நான்கு வருஷமான எனக்குத் தெரியாது. நான் சிரித்துச் சமாளித்தேன். மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு லிப்டுக்குள் போய்த்தான் அழுதேன்.

ஜார்ஜியா என்றால் அமெரிக்கா என்று நினைத்தேன். அது வேறு ஜார்ஜியாவாம், ரஷ்யா பக்கத்தில் இருக்கிறதாம். பெருநாள் லீவுக்கு ரூம்காரர்களோடு நான்கு நாள் சுற்றுலா போகிறேன் என்றீர்கள். சரி, உழைக்கிற மனுஷன், போய் வரட்டும் என்று விட்டேன். சுற்றுலா போகிறவர்கள் பேரீச்சம்பழமோ சாக்லேட்டோ வாங்கி வருவார்கள். நீங்கள் வீடு வாங்கி வந்திருக்கிறீர்கள். நம்ம ஊர் கருங்கல் சந்தையில் ஒரு மீன் வாங்க என்னிடம் மூன்று தடவை கேட்கிற ஆள் நீங்கள். பழைய கார் விலைக்குக் கிடைத்தது என்று பெபினிடம் பெருமைப்பட்டீர்களாம். பழைய காரே வாங்கியிருக்கலாம். ஏறி வந்து பதில் சொல்லவாவது உதவியிருக்கும்.

ஏன் என்று எழுதுங்கள். ஒரு வரியில் எழுதினால் திருப்பி அனுப்புவேன்.

ராணி


ராஸ் அல் கைமா
ஐக்கிய அரபு அமீரகம்
5-5-2024

அன்புள்ள ராணிக்கு,

நான் ‘அன்புள்ள’ போட்டிருக்கிறேன். அதையாவது கணக்கில் எடு.

தப்புதான். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேண்டாம் என்பாய், நீ வேண்டாம் என்றால் எனக்கு அதற்கு மேல் பேசத் தெரியாது. அதனால் முன்பணம் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் பெபின் கெடுத்துவிட்டான்.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். திபிலிசி என்கிற தலைநகரத்திலிருந்து வேனில் இரண்டரை மணி நேரம். மலையடிவாரத்தில் ஒரு கிராமம். கீழே கல் சுவர், மேலே மரம். இரண்டு அறை, முன்னால் மரத்தில் ஒரு வராந்தா. பின்னால் திராட்சைக் கொடி. ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் எல்லாம் வேறு நாட்டுக்குப் பிழைக்கப் போய்விட்டார்களாம், நம்மைப் போல. எங்கள் வேன் பஞ்சரானது அந்த வீட்டு முன்னால்தான். பக்கத்து வீட்டு நோதார் என்கிற பெரியவர் எங்களைக் கூப்பிட்டு ரொட்டியும் பாலாடைக் கட்டியும் திராட்சை ரசமும் தந்தார். அந்த வீடு விற்பனைக்கு என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன்.

ஏன் என்று கேட்டாய். ஊரில் கருங்கலில் இருக்கிற வீட்டை நாம்தான் கட்டினோம். இப்போது தம்பி குடும்பம் இருக்கிறது. இருக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் லீவில் போனால் ஹாலில் பாய் விரிக்கிறோம். காலை ஐந்து மணிக்கே ஆள் வருகிறது. சர்ச் ஆட்கள், சீட்டுக்காரர்கள், விசா கேட்டு வருகிறவர்கள். அந்த வீட்டில் நீயும் நானும் மட்டும் உட்கார்ந்து ஒரு தடவையாவது காப்பி குடித்திருக்கிறோமா? யோசித்துப் பார்.

என்னை நீ இருக்கும் இடத்துக்குக் கூப்பிட விசா வேண்டும், உன்னை இங்கே கூப்பிடவும் விசா வேண்டும். ஜார்ஜியாவுக்கு வேண்டாம். வளைகுடாவில் குடியிருக்க இகாமா அட்டை இருந்தால் இறங்கியதும் முத்திரை குத்தி உள்ளே விடுகிறான். ஷார்ஜாவிலிருந்து விமானத்தில் மூன்றரை மணி நேரம். அவ்வளவுதான் ராணி. வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.

உன் ஜெபசீலன்


அப்பாசியா
17-5-2024

ஷாஜினி அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம்.

வேறு ஒன்றும் யோசிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

யோசித்திருந்தால் இதையெல்லாம் கேட்டிருப்பீர்கள்: ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? பனி எத்தனை மாதம்? உங்கள் முட்டி ஏ.சி. காற்றுக்கே பிடித்துக்கொள்கிறது, பனிக்கு என்ன செய்யும்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழிப்பறை வீட்டுக்கு வெளியே, கோழிக்கூடு மாதிரி நிற்கிறதே அதுதானா? கூரையில் ஒரு பக்கம் தகரம் தூக்கிக்கொண்டிருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். நோதார் கொடுத்த ‘திராட்சை ரசம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நற்கருணைக்கா கொடுத்தார்? எத்தனை டம்ளர் குடித்த பிறகு வீடு பார்க்கப் போனீர்கள்?

உங்கள் மகளிடம் சொன்னேன், நியாயம் கேட்கலாம் என்று. “சூப்பர் மம்மி! அப்பா கூல்!” என்கிறாள். கோயம்புத்தூரில் படிக்கிறதற்கு நாம் அனுப்பியது இதற்குத்தான்.

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? சிரிக்க எழுதவில்லை. இனி எழுதப்போவதைச் சிரிக்காமல் படியுங்கள்.

2007-ல் உங்கள் ஊரில், ராஸ் அல் கைமாவில், ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. நேர்முகம் முடிந்து ஆர்டரே வந்தது. ஷாஜினிக்கு அப்போது ஐந்து வயது. மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று நான் தட்டு முட்டுச் சாமானுக்கு லிஸ்ட் போட்டுவிட்டேன். நீங்கள் போனில், “இப்ப வேண்டாம் ராணி, குவைத்துல சம்பளம் கூட, ரெண்டு வருஷம் பொறு” என்றீர்கள். பொறுத்தேன். பதினேழு வருஷம் ஆகிறது. நான் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. கேட்காததால் மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா?

அன்றைக்கு விமானமே ஏறாமல் சேர்ந்திருக்க ஒரு வழி இருந்தது. அதை அடைத்துவிட்டு, இப்போது ஐம்பது வயதில் பனிமலையில் போய்க் காப்பி குடிக்கலாம் என்கிறீர்கள். எனக்கு எரிச்சல் வருவது வீட்டின் மேல் இல்லை.

ராணி


ஜார்ஜியாவிலிருந்து
14-9-2024

அன்புள்ள ராணிக்கு,

நான்கு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. போனில் சாப்பாடு, சம்பளம், ஷாஜினி பரீட்சை என்று மட்டும் பேசிக்கொண்டோம். நீயும் கேட்கவில்லை. இப்போது பத்திரப் பதிவுக்காக ஒரு வாரம் லீவு போட்டு வந்திருக்கிறேன். வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் கெட்ட செய்தி. பின்னால் இருக்கிற திராட்சைத் தோட்டம் விவசாய நிலமாம், வெளிநாட்டுக்காரன் பெயரில் எழுத முடியாதாம். வீடும் முற்றமும் மட்டும்தான் நமக்கு. கொடியைப் பார்க்கலாம், பழம் நோதாருக்கு. கீழ் அறையைத் திறந்தால் அவருடைய பசு நிற்கிறது. “எடுத்துவிடுகிறேன்” என்று நான்கு நாளாகச் சொல்கிறார். கூரை ஒழுகுகிறது. நீ படத்தில் கண்டுபிடித்த இடம் மட்டும் இல்லை, இன்னும் இரண்டு இடம். கழிப்பறை விஷயத்திலும் நீ சொன்னது சரி.

இனி நீ கேட்டது.

2007-ல் நான் உன்னிடம் சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தேன். ஊரிலும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். உன் அப்பா சர்ச்சில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். நான் சூப்பர்வைசர் இல்லை. டைல்ஸ் கம்பெனிச் சூளையில் ஓடு அடுக்கிக்கொண்டிருந்தேன். கேம்பில் ஒரு ரூமில் எட்டுப் பேர். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசி. பெபின் மாதிரிப் பையன்கள் இன்றைக்கு என்னை ‘சார்’ என்கிறார்கள், அது 2012-க்குப் பிறகு.

நீ வெள்ளை யூனிபாரம் போட்டு அதே ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போவாய். நான் அந்தத் தூசிச் சட்டையோடு உன் முன்னால் வந்து நிற்கவேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. சம்பளத்தைக் காரணம் சொன்னேன். நிஜமாகவே சூப்பர்வைசர் ஆன அன்று உன்னைக் கூப்பிட நினைத்தேன். அதற்குள் நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். நீ கேட்காததை நான் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

இதைச் சொல்ல இந்த ஊர் வரை வரவேண்டியிருந்தது. விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். சாவி நோதாரிடம் இருக்கும்.

உன் ஜெபசீலன்


அப்பாசியா
29-9-2024

ஷாஜினி அப்பாவுக்கு,

ஒரு சட்டைக்காகவா?

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? மலம் துடைக்கிறேன். சீழ் கழுவுகிறேன். டூட்டி முடிந்து வந்தால் என் கை எனக்கே நாறும். சூளைத் தூசியைப் பார்த்து நான் முகம் சுளிப்பேன் என்று நினைத்தீர்களே, நீங்கள் என்னை யாரென்று நினைத்துக் குடும்பம் நடத்தினீர்கள்?

உங்களுக்குச் சம்பளம் பெரிது, நான் சின்னது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதையாவது ஒரு காரணம் என்று விழுங்கி வைத்திருந்தேன். இப்போது அதுவும் இல்லை. சோப்புப் போட்டால் போகிற அழுக்கு அது. அதற்காக ஷாஜினி அப்பா இல்லாமல் வளர்ந்தாள், அம்மாவும் இல்லாமல் வளர்ந்தாள், ஹாஸ்டலில். அவளுக்கு முதன்முதல் தீட்டு வந்ததை வார்டன் போன் பண்ணி எனக்குச் சொன்னார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தம் புதுப்பிக்கக் கேட்டார்கள். மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. இப்போது நாம் சமம்.

வீட்டை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். பசுவே இருக்கட்டும்.

ஜெபராணி


ராஸ் அல் கைமா
20-10-2024

அன்புள்ள ராணிக்கு,

மூன்று வாரமாக நீ போனையும் எடுக்கவில்லை. ஜினி மூலம் நீ சுகம் என்று தெரிந்துகொள்கிறேன்.

நீ எழுதியது அத்தனையும் சரி. சமாதானம் சொல்லி எழுதினால் அது இன்னொரு பொய்யாகும்.

வீட்டை விற்கச் சொல்லி நோதாருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். வாங்க ஆள் இருக்கிறதாம், அடுத்த மாதம் பிறந்ததும் வந்து பார்ப்பார்கள். உன்னிடம் கேட்காமல் வாங்கினேன். விற்பதையாவது முன்கூட்டியே சொல்கிறேன்.

முட்டி பரவாயில்லை. நீ எழுதிக் கொடுத்த மாத்திரையைத்தான் போடுகிறேன்.

ஜெபசீலன்


ஜார்ஜியாவிலிருந்து
3-11-2024

ஷாஜினி அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். மேலே ஊர்ப் பெயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். ஆமாம், இங்கேதான் இருக்கிறேன். பதினான்கு நாள் லீவு. ஜினியிடம் கருங்கலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்குத் தெரியாமல் நடக்கிற ஒரு காரியமாவது நம் குடும்பத்தில் இருக்கட்டும்.

இந்த வீட்டைப் போல ஒரு கேவலமான வீட்டை நான் பார்த்ததில்லை. கதவு சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. முற்றத்தில் இருக்கிற அந்தக் கழிப்பறைக்கு டார்ச் அடித்துக்கொண்டு போகவேண்டும். அடுப்பில் விறகு வைக்கத் தெரியாமல் முதல் நாள் வீடெல்லாம் புகை. நோதார் மனைவி ஓடி வந்து, என்னைத் தள்ளிவிட்டு, அவளே பற்றவைத்தாள். கையைக் காட்டி ‘உன் ஆள் எங்கே?’ என்று கேட்டாள். ‘டூட்டி’ என்றேன். புரிந்த மாதிரித் தலையாட்டினாள். அவள் மகனும் ஏதோ நாட்டில் டூட்டியாம். பசு இன்னும் கீழேதான் நிற்கிறது. அந்தச் சூடு மேலே வருகிறது, அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

திட்டிவிட்டு, பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, திபிலிசியில் ஒரு ஓட்டலில் போய்த் தங்கலாம் என்றுதான் வந்தேன். இரண்டாம் நாள் மழை. மூன்று இடத்தில் ஒழுகியது. சட்டி, வாளி, உங்கள் பழைய பெயிண்ட் டப்பா மூன்றையும் வைத்துவிட்டு, கட்டிலை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. பெல் அடிக்கவில்லை. யாரும் ‘சிஸ்டர்’ என்று சொல்லவில்லை. உட்கார்ந்து, நீங்கள் எதிரில் இருந்தால் என்ன பேசுவேன் என்று யோசித்தேன். கேட்கவேண்டியது அவ்வளவு இருந்தது. உரக்கவே பேசிப் பார்த்தேன். பசு பயந்து கத்தியது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாம் ஒரு சண்டையைக்கூட முழுசாகப் போட்டதில்லை. தொடங்குவோம், போன் கட்டாகும். இல்லை என்றால் ஹாலுக்குள் உங்கள் தம்பி வருவார், அல்லது லீவு முடிந்துவிடும். மிச்சத்தை ஆளுக்கொரு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். இருபத்து நான்கு வருஷமாக எனக்குள் பாதிப் பாதியாகக் கிடக்கிறது எல்லாம். கடிதத்தில் தீரவில்லை. ஆளைப் பார்த்துக் கேட்கவேண்டும்.

நேற்று உங்கள் ஆட்கள் வந்தார்கள், வீடு வாங்க. ஒரு புருஷனும் பெண்டாட்டியும். பெண்டாட்டி வராந்தாவில் நின்று ஜன்னலுக்கு அளவெடுக்கத் தொடங்கினாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இல்லை என்று சொல்ல அரபுதான் வாயில் வந்தது, “மாஃபி” என்றேன். விழித்தார்கள். முடிந்தது என்று “கலாஸ்” என்றேன். அதுவும் புரியவில்லை. கடைசியில், “இது எங்க வீடுல்லா! போங்க இங்கேருந்து!” என்று கத்தினேன். நோதாருக்குத் தமிழ் புரிந்துவிட்டது. அவர்களைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். சாயங்காலம் அவர் மனைவி ரொட்டி கொண்டுவந்து தந்து என் முதுகில் தட்டினாள்.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். சட்டைக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டும். ஹாஸ்டல் வார்டனுக்குப் பதில் சொல்லவேண்டும். என் மூன்று வருஷக் கையெழுத்தும் போட்டது போட்டதுதான். அதை மாற்றப்போவதில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு மாதம் எனக்கு லீவு உண்டு, உங்களுக்கும் உண்டு.

எனக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. மட்டை அரிசியும் மிளகாய்த் தூளும் கொண்டுவாருங்கள், இங்கே உப்பைத் தவிர எதற்கும் ருசி இல்லை. கூரைக்குப் பெரிய தார்ப்பாய் ஒன்று. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரவேண்டாம், வந்ததும் கூரையில் ஏறவேண்டும். முட்டிக்குப் பட்டை மறக்காதீர்கள்.

உங்கள் கம்பெனியில் லீவுக்குக் காரணம் கேட்பார்கள். வழக்கம்போல எதையாவது கட்டிச் சொல்லாதீர்கள். மனைவி வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று எழுதிக் கொடுங்கள்.

ராணி