யுவராணி அக்காவின் சனிக்கிழமைகள்

ஜூலை 7, திங்கள்

எங்கள் ஆபீஸ் கேன்டீனில் யுவராணி அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. துருவிக் கேட்டதும் கொட்டிவிட்டார்.

"சனிக்கெழம தோறும் நான் வர்லியாம் பாப்பா. கம்ப்யூட்டர்ல அப்டித்தான் கீதாம். இந்த மாசத்தோட நின்னுக்கோன்றாரு காண்ட்ராக்டரு. விடிகாத்தால அஞ்சு மணிக்கு வந்து அடுப்பு பத்த வெக்கிறவ நான்!"

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது எங்கள் கம்பெனி எழுதிய அட்டெண்டன்ஸ் மென்பொருள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

ஜூலை 8

பிடித்துவிட்டேன்!

கைரேகை வைத்த நேரத்தை டேட்டாபேஸ் கிரீன்விச் நேரத்தில் சேமிக்கிறது. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். அதில் தப்பில்லை. எடுக்கும்போது நம் நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தானே தேதியைப் பார்க்க வேண்டும்? எங்கள் குவெரி, அதாவது தகவலை எடுக்கும் கட்டளை, மாற்றாமல் அப்படியே தேதியை வெட்டி எடுக்கிறது. ஒன்பது மணிக்கு வருகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஐந்து மணிக்கு வருகிற அக்காவுக்கு மட்டும் எல்லாம் முந்தின நாள். சனி வந்தது வெள்ளியில். திங்கள் வந்தது ஞாயிறில்.

ஞாயிறு கேன்டீனுக்குப் பூட்டு. பூட்டின கேன்டீனில் யாருக்கு டீ போட்டாராம்? ஒருத்தருக்குமா உறைக்கவில்லை?

ஜூலை 9

குவெரி எழுதியவர் என் டீம் லீட் ஹேமநாதன்.

"அந்தம்மாவோட பதிவ மட்டும் கையால மாத்தி விட்டுடு இஃபத். காண்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா நம்ம பேரு நாறிடும்."

மாட்டேன் என்றேன். அக்காவைப் போல விடியுமுன் வருகிற மற்றவர்கள்?

"நீ இன்னும் ப்ரொபேஷன்லதான் இருக்க. ஞாபகம் வெச்சுக்கோ."

மிரட்டுகிறாரா? மிரட்டட்டும்.

ஜூலை 10

காண்ட்ராக்டர் கோதண்டத்துக்கு எல்லாவற்றையும் விளக்கி மெயில் போட்டேன். ஹேமநாதனுக்கும் ஒரு நகல். ஒளித்துச் செய்ய நான் என்ன திருடியா?

ஜூலை 11

கோதண்டம் நேரில் வந்து எங்களிடம் கத்தினார். மதியமே திருத்தம் ஏறிவிட்டது. அக்காவை நிறுத்தப் போவதில்லை என்று என் எதிரிலேயே சொன்னார்.

எனக்கு ஹேமநாதன் கொடுத்த தண்டனை: இனி சனிக்கிழமையும் வேலை, அதுவும் தனியாக. சரி என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஆள் முன்னாடி அழுவேனா? போய்யா!

ஜூலை 12, சனி

மாடியில் என்னைத் தவிர யாருமில்லை. கீழே கேன்டீனில் மட்டும் விளக்கு.

"இன்னா பாப்பா, சனிக்கெழமயும் வந்துகீற?"

"நீங்க வர்றீங்கல்லக்கா?"

சிரித்துக்கொண்டே டம்ளர் தளும்ப டீ கொடுத்தார். மேலே வந்து திரையைத் திறந்தேன். யுவராணி, ஜூலை 12: வந்தார். போன சனி: வந்தார். அதற்கு முந்தின சனியும்.

ஞாயிறுகளெல்லாம் காலி.