நீங்கள் பிடித்த கை

நானாவுக்கு,

அன்பு என்று எழுத மனம் வரவில்லை.

"அன்னிய ஆம்புளைகளத் தொடுற கையால எங்கூட்டுல சோறாக்க வாணாம்" என்று, நான் தாதியான அன்று விரட்டினீர்கள். ஒன்பது வருடமாக நம் உம்மாவைப் பார்க்கவும் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை பித்தப்பையை எடுத்தபின் மயக்கம் தெளியவைக்கும் அறைக்கு, உங்களை என்னிடம்தான் தள்ளிவந்தார்கள். மயக்கத்தில் நாக்குச் சரிந்து மூச்சுத் திணறியது. தாடையைத் தூக்கிப் பிடித்தேன். வாந்தி வழிந்த தாடியையும் நானே துடைத்தேன். பாதிக் கண் திறந்து, முகக்கவசம் போட்டிருந்த என்னை அடையாளம் தெரியாமல், கையை இறுகப் பிடித்து அழுதீர்கள்.

"போவாணாம் மிஸ், பயமா ஈக்கிது."

பெண்களுக்கு ஊரெல்லாம் உபதேசம் செய்யும் வாய்!

வெள்ளிக்கிழமை உம்மாவைப் பார்க்கக் கடுகண்ணாவைக்கு வருகிறேன். வாசலில் நின்று தடுப்பதென்றால், தையலைக் கையால் அமர்த்திக்கொண்டு மெதுவாகக் கத்துங்கள்.

உங்கள் தங்கை