தலைகீழாய் இருந்த சேறு

பெப்ரவரி, வியாழக்கிழமை

இன்று பேராசிரியையிடம் சொல்லிவிட்டேன். லாப்ரடோர் கடலடியில் குழாய் இறக்கி நீளமாக எடுத்து, வெட்டி வரிசையாக அடுக்கிய சேற்றுத் துண்டுகளில் ஒன்று தலைகீழாக இருக்கிறது. முற்காலத்தில் கடல் திடீரென்று குளிர்ந்ததற்கு அந்தத் துண்டையே சான்றாக வைத்து அவர் கட்டுரை எழுதியிருந்தார்.

அவர் முகம் சிவந்தது. நான் நுண்ணோக்கியில் காட்டினேன். குளிர்நீரில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் இடப்பக்கம் சுருண்டிருக்கும். அவை துண்டின் மேல்முனையில் குவிந்திருந்தன; அதற்கு மேலிருந்த துண்டில் ஏறக்குறைய இல்லவே இல்லை. திருப்பி வைத்தால் இரண்டு முனைகளும் அடுத்த துண்டுகளோடு பொருந்தின.

வெகுநேரம் பார்த்தார். "கப்பலில் இதற்கு மேல்பக்கம் எதுவென்று அம்புக்குறி போட்டது நான்தான்," என்றார். மேலங்கியை மாட்டிக்கொண்டு, "நாளை ஆய்வுக்குழுக் கூட்டத்தில் இதை நீயே விளக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபமா, தெரியவில்லை. மெட்ரோவில் வரும்போதும் அதே நினைப்புத்தான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "அவ கோவிச்சா என்ர படிப்பு என்னாகும்?"

"கோவமெண்டால் உம்மைக் கதைக்க விடுவாவோ?" என்று சிரித்தார்.

"ஓம், அதுவும் சரிதான்," என்றேன்.

பயம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் எல்லோரும் பார்த்த சேற்றில் அதைக் கண்டது நான். நாளை எல்லோர் முன்னாலும் நின்று சொல்லப்போவதும் நான். சந்தோஷத்தில் நித்திரை வருவதாக இல்லை.