குட்டை பீரோவின் மேல் சோற்றுக் குண்டான்

அண்ணி,

இன்று காலை கரண்டி எடுக்க குட்டை பீரோவின் நடு டிராயரை இழுத்தேன். பெருங்காயமும் பழைய மரமும் கலந்த வாசனை வந்தது. உங்கள் புடவைத் தலைப்பிலும் அதே வாசனை இருக்கும். டிராயரை மூட மனம் வராமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தேன்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சென்னை ஃபிளாட்டில் இதற்கு இடமில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அத்தை என்று உங்கள் மகள் சொல்லிவிட்டாள். அதனால் இப்போது இது கள்ளக்குறிச்சியில், என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. போன மாதம் வந்த தோழி ஒருத்தி இதைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிரெஞ்சுக்காரர் காலத்துச் சாமான், பாலிஷ் போட்டு மேலே ஒரு பூ ஜாடி வை, வேறு எதையும் வைத்துக் கெடுக்காதே என்றாள். தலையாட்டிவிட்டு, அவள் எதிரிலேயே குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து மார்பிள் மேல் வைத்தேன். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

பாண்டிச்சேரியிலிருந்து லாரியில் இது வடக்கனந்தலுக்கு வந்து இறங்கிய நாள் எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. சீராக பீரோ வருகிறது என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஆளுயரத்துக்கு, கண்ணாடி பதித்த இரும்பு பீரோ என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். வந்ததோ இடுப்பு உயரத்தில் நீளமான மரச் சாமான். மூன்று டிராயர், கீழே மூன்று கதவு, கதவில் திராட்சைக் குலை செதுக்கல், மேலே சாம்பல் நிற மார்பிள் பலகை. அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “பீரோன்னாங்களே, இது இன்னா, பாதியில அறுத்துட்டாங்களா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு விழுந்த பெயர்தான் குட்டை பீரோ.

பட்டுப் புடவை தொங்கவிட உயரம் போதாது என்று விதைக்கான மல்லாட்டையை, அந்த வேர்க்கடலை மூட்டைகளை, உள்ளே அடைத்தார்கள். மேலே ரேடியோ, பயிருக்கு மருந்தடிக்கிற டின், என் புத்தகப் பை. மருமகள் கொண்டுவந்த சீர் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் அம்மா அந்தத் திராட்சைக் குலைகளுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பார். நீங்கள் எதற்கும் ஒன்றும் சொன்னதில்லை.

நம் வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் சாப்பிடுவது. யாரும் அதைச் சட்டமாகப் போடவில்லை. அப்பாவையோ அண்ணனையோ கேட்டிருந்தால், நாங்களா வேண்டாம் என்றோம் என்று சொல்லியிருப்பார்கள். சின்னப் பெண் என்பதால் நான் மட்டும் முன்னாலேயே சாப்பிட்டுவிடுவேன். அம்மாவும் நீங்களும் குண்டானின் அடியில் இருப்பதைப் பிரித்துக்கொள்வீர்கள். ஆண்கள் நேரத்துக்கு வீடு திரும்பியவரை அது பெரிதாகத் தெரியவில்லை.

பிறகு இடஒதுக்கீடு கேட்டு நம் சனங்களின் மறியல் தொடங்கியது. சின்னசேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றுபோனது. உளுந்தூர்பேட்டையில் லாரி ஷெட்டில் வேலை பார்த்த அண்ணன் அங்கேயே மாட்டிக்கொண்டார். அப்பா காலையில் ரோட்டுக்குப் போவார். போலீஸ் வருகிறது என்றால் எல்லாரும் கல்வராயன் மலையடிவாரக் கொல்லைக்காடுகளுக்குப் போய்விடுவார்கள். எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. சோறு வடித்து வைத்துவிட்டு நீங்கள் இருவரும் வாசலைப் பார்த்தபடி இருப்பீர்கள்.

அப்போது நீங்கள் முழுகாமல் இருந்தீர்கள். முந்தைய வருஷம் ஒரு கரு நிற்காமல் போயிருந்தது. இந்த முறை வயிற்றைக் காயப் போடாதே என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு நாள் பொழுது சாயும் நேரம் வரை அப்பா வரவில்லை. ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் அப்படியே சரிந்தீர்கள். அம்மா ஓடிவந்து தூக்கி, முகத்தில் தண்ணீர் அடித்தார். அடுப்படியில் குண்டான் நிறையச் சோறு இருந்தது.

மறுநாள் காலையில் ரேடியோவையும் டின்னையும் கீழே இறக்கினீர்கள். மார்பிளைப் புளி போட்டுத் தேய்த்தீர்கள். சமையல் முடிந்ததும் சோற்றுக் குண்டான், குழம்புச் சட்டி, பொரியல், மோர் எல்லாவற்றையும் வரிசையாக அதன் மேல் வைத்து, ஓரத்தில் தட்டுகளை அடுக்கினீர்கள்.

“ஆம்பளைங்க வந்து தானா போட்டுத் துன்றதா?” என்றார் அம்மா.

“எங்கம்மா சமையல் பண்ண தொர வூட்டுல இது மேலதான் அத்தே சோறு வெப்பாங்க. பசிச்சவங்க வந்து எடுத்துக்குவாங்க. அதுக்குன்னே செஞ்ச சாமான். நாம மல்லாட்டை கொட்டி வெச்சிகினு இருக்கோம்.”

“ஊருல சிரிப்பாங்கடி.”

“ஊரே ரோட்டுல உக்காந்துகினு இருக்குது. நம்ம சோத்த எட்டிப் பாக்க யாருக்கு அத்தே நேரம்?”

சொல்லிவிட்டு நீங்கள் ஒரு தட்டை எடுத்து, நிறையப் போட்டுக்கொண்டு, கூடத்தின் நடுவில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தீர்கள். அம்மா முந்தைய நாளை நினைத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

அப்பா வந்தபோது நீங்கள் பாதி சாப்பாட்டில் இருந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் மாமா என்று மட்டும் சொன்னீர்கள். அப்பா கால் கழுவிவிட்டு வந்து குட்டை பீரோ முன்னால் தட்டோடு நின்றார். கரண்டியைக் குண்டானுக்குள் விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, “நான் எவ்ளோ துன்னுவேன்?” என்று கேட்டார்.

அம்மா சட்டென்று எழுந்தார். அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். “எங்க பங்கு இவ்ளோன்னு ரோட்டுல போய் கேக்கறீங்க. வூட்டுல உங்க பங்கு எவ்ளோன்னு தெரியலயா மாமா?”

அப்பா கோபக்காரர். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா உங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அன்றைக்கு அவர் கம்மியாகப் போட்டுக்கொண்டு, திரும்பத் திரும்ப எழுந்து போனார். கடைசியில் மோரை ஜாஸ்தியாக ஊற்றித் தட்டிலிருந்து வழியவிட்டார்.

அம்மாவுக்குத்தான் நாளானது. நீங்கள் வற்புறுத்தி அவர் கையில் தட்டைக் கொடுத்த அன்று, நிறைந்த குண்டானுக்கு முன்னால் அவரும் நின்றார். மிச்சமிருப்பதைச் சாப்பிட்டே பழகியவர். “எனக்கு எவ்ளோ வேணும்னு தெரியலயேம்மா” என்று மெதுவாகச் சொன்னார். நீங்கள் சிரிக்கவில்லை. “கொஞ்சமா போட்டுக்குங்க அத்தே. பத்தலன்னா திரும்பி வாங்க. குண்டான் எங்கயும் போவாது” என்றீர்கள்.

அம்மாவுக்கு அப்போது என் இப்போதைய வயது.

மரங்களை அப்புறப்படுத்தினார்கள், பஸ் ஓடத் தொடங்கியது, அண்ணன் திரும்பி வந்தார். இனிமேல் எல்லாம் பழையபடிதான் என்று நானே நினைத்தேன். அண்ணன் அடுப்படியில் போய் உட்கார்ந்து காத்திருந்தார். நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள். அம்மாதான் அடுப்பிலிருந்து குண்டானைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, அண்ணனைத் தாண்டி, கூடத்துக்கு நடந்தார். விதை மல்லாட்டையும் பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டது. தை மாதம் உங்கள் மகள் பிறந்தாள், நல்ல கனமான குழந்தையாக.

உங்கள் கருமாதி அன்று பந்தி போட்டார்கள். ஆண்கள் முதலில் உட்காரட்டும் என்று உறவுக்காரர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தடியை ஊன்றிக்கொண்டு முதல் வரிசைக்கே போனார். “பசிக்குதுப்பா. நவுரு” என்று அங்கே உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னார். அவர் நகர்ந்து இடம் விட்டார். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்து உங்கள் மகள். அப்புறம் வாசற்படியில் தயங்கி நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எனக்கு அழுகையும் வந்தது, பசியும் இருந்தது. இரண்டையும் மறைக்கவில்லை.

படிப்பிலும் வேலையிலும் என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், எதுவானாலும் பரவாயில்லை என்றுதான் எனக்கு முதலில் வாயில் வரும். அதை அடக்கிவிட்டு, உண்மையில் என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்லப் பழகியிருக்கிறேன். பசித்தால் தட்டை எடுக்கிறேன். மற்றவர்கள் வந்துவிடட்டுமே என்று கை இன்னமும் ஒரு கணம் தயங்குகிறது அண்ணி. தயங்கிவிட்டு எடுக்கிறேன்.